நூறு நாள் ஓடும் ஏலத்தைச் சுருக்குவது எப்படி?

பேஸ்பாலை மேசைமேலும் ஆடலாம். ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற விளையாட்டை 1961-இல் ஹால் ரிச்மன் என்ற அமெரிக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை. சென்ற சீசனில் அவர் உண்மையிலேயே எப்படி ஆடினாரோ, அந்தக் கணக்கெல்லாம் அட்டையில் இறங்கியிருக்கும். மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். குறிப்பிட்ட ஒரு பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின், அதாவது பந்தை அடிப்பவரின், அட்டை. 4, 5, 6 விழுந்தால் பிட்சரின், அதாவது பந்து வீசுபவரின், அட்டை. மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும். ஹோம் ரன்னா (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல), அவுட்டா என்பது அந்த வரியில் இருக்கும். இப்போது இந்தப் பகடையைக் கணினியே உருட்டிவிடுகிறது.

இதை வைத்து முழு லீக்கே நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கு ஓர் அணி, 162 ஆட்டம் கொண்ட சீசன், கடைசியில் ஒரு சாம்பியன். ஆனால் ஆட்டம் தொடங்குமுன் வீரர்களைப் பிரித்துக்கொள்ள வேண்டுமே? பலர் ஏலத்தைத்தான் விரும்புகிறார்கள், நியாயமான காரணத்தோடு. வரிசைப்படி ஆள் எடுக்கும் டிராஃப்டில் முதல் இடம் கிடைத்தவருக்கே மிகச் சிறந்த வீரர் போவார். ஏலத்தில் யாருக்கும் யாரும் கிடைக்கலாம், பணம் கொடுக்கத் தயாராக இருந்தால்.

எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்தால் ஏலம் சீக்கிரம் முடியும். நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் 1980-இல் தொடங்கிய ரோட்டிசரி லீக்கிலிருந்து பரவிய கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். உண்மை வீரர்களை ஏலத்தில் பிரித்துக்கொண்டு, வரும் சீசனில் அவர்கள் ஆடுவதை வைத்துப் புள்ளி போடும் கற்பனை லீக் அது. இன்று வழக்கத்தில் உள்ளபடி 12 அணி, அணிக்கு 260 டாலர், 23 வீரர். மொத்தம் 276 பேர். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் 4 மணி 36 நிமிடம். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் போகும், அவ்வளவுதான்.

அணிக்காரர்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு எழுதிக் கேட்கும்போதுதான் சிக்கல். ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். 20 அணி, அணிக்கு 35 வீரர், மொத்தம் 700. ஒவ்வோர் அணியும் ஒரு நேரத்தில் ஒரு வீரரின் பெயரை ஏலத்துக்குக் கொண்டுவரும். கடைசிக் கேள்வி (ஏலத்தில் ஒருவர் கேட்கும் விலை) வந்து 24 மணி நேரம் யாரும் விலையை ஏற்றாவிட்டால் ‘மூன்று தரம்’. புதிய கேள்வி வந்தால் கடிகாரம் மறுபடி 24-இலிருந்து தொடங்கும். ஒரு வீரர் முடிய சராசரியாக 3 நாள் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 20 பேர் கொண்ட 35 தொகுதிகள், 105 நாள். அதற்குள் பாதிப் பேருக்கு லீக்கே மறந்துவிடும்.

நேரத்தை எங்கே வெட்டலாம் என்று கேட்பதற்குமுன் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: ஏலம் என்னதான் செய்கிறது? யார் எதை எவ்வளவு மதிக்கிறார் என்பதை அது வெளியே கொண்டுவருகிறது. அப்படியானால் எந்த நிமிடத்தில் புதிய செய்தி வருகிறது, எந்த நிமிடத்தில் வரவில்லை என்று பார்த்தால் போதும். ஒரு நல்ல பிட்சர் 40 டாலருக்குப் பக்கத்தில் போவார் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்காக 1, 2, 3 என்று ஏறி 30 வரும்வரை விழும் கேள்விகளால் யாருக்கும் புதிதாக எதுவும் தெரியவருவதில்லை. 36-க்குமேல் யார் நிற்கிறார், யார் விலகுகிறார் என்பதில்தான் செய்தி இருக்கிறது. எழுத்து ஏலத்தில் போகும் நாட்களில் பெரும்பகுதி செய்தியில்லாத நாட்கள்தான்.

எளிய மருந்து, படியைப் பெரிதாக்குவது. ஒவ்வொரு கேள்வியும் முந்தையதைவிடக் குறைந்தது 20 சதவீதம் கூட இருக்க வேண்டும் என்று விதி வைத்தால், 1 டாலரில் தொடங்கினாலும் 16-ஆம் கேள்வியிலேயே 48 வந்துவிடும். ஐபிஎல் ஏலத்திலும் விலை ஏற ஏறப் படி பெரிதாவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. 48-க்கு அடுத்த படி 58. அந்த வீரருக்கு 55 தரலாம் என்று நினைத்தவர் ஒதுங்க வேண்டியதுதான். முக்கியமான இடத்தில் கரடுமுரடாக வெட்டுகிறது இந்த மருந்து. எனக்கு இது பிடிக்கவில்லை.

இதைவிட அழகான வழியைப் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி காட்டினார். அவருடைய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையும் வந்தது 1961-இல்தான், ரிச்மனின் அட்டைகள் வந்த அதே ஆண்டு. மூடிய உறையில் எல்லோரும் தங்கள் விலையை எழுதித் தரட்டும். அதிகம் எழுதியவருக்குப் பொருள். ஆனால் அவர் கொடுக்க வேண்டியது தான் எழுதிய தொகையை அல்ல, இரண்டாவதாக வந்தவர் எழுதிய தொகையை.

முதல் பார்வைக்கு விற்பவருக்கு நட்டம்போலத் தோன்றும். கொஞ்சம் யோசியுங்கள். ஒரு ஷார்ட்ஸ்டாப் (களத்தில் பந்தைத் தடுக்கும் ஒரு வீரர்) உங்களுக்கு 41 டாலர் பெறுவார். நீங்கள் தந்திரமாக 36 என்று எழுதுகிறீர்கள். அடுத்தவர் 30 எழுதியிருந்தால், 36 எழுதினாலும் 41 எழுதினாலும் நீங்கள் கொடுப்பது 30-தான். அவர் 38 எழுதியிருந்தால், 38-க்குக் கிடைத்திருக்க வேண்டியவரை இழந்துவிட்டீர்கள். சரி, ஏற்றி 50 என்று எழுதினால்? அடுத்தவர் 45 எழுதியிருந்தால் 41 பெறுபவருக்கு 45 கொடுத்து மாட்டிக்கொள்வீர்கள். நீங்கள் எழுதும் எண் நீங்கள் வெல்கிறீர்களா என்பதை மட்டும் தீர்மானிக்கிறது; எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதை அல்ல. அதனால் உண்மையான மதிப்பை எழுதுவதே லாபம். கூவி ஏலம் விட்டாலும் முடிவு இதேதான்: இரண்டாவது ஆள் எங்கே விலகுகிறாரோ அங்கே விலை நிற்கும். விக்ரிக்கு 1996-இல் நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்றே நாளில் அவர் காலமானார்.

1995-இல் தொடங்கிய ஈபே, நமக்குப் பதிலாகக் கணினியே விலை கேட்கும் முறையை லட்சக்கணக்கானவர்களுக்குப் பழக்கியது. உங்கள் உச்சவரம்பை ரகசியமாகச் சொல்லிவிட்டால் போதும். உங்களுக்காகக் கணினி தேவையான அளவு மட்டும் ஏற்றும். ஒருவர் உச்சவரம்பு 34, இன்னொருவர் 41 என்றால் விலை உடனே 35-க்குத் தாவி நிற்கும். மூன்றாமவர் 38 என்று வந்தால் 39 ஆகும். முப்பத்தொன்பது கேள்வி நடந்திருக்க வேண்டிய இடத்தில் மூன்று செய்திகள். படி 1 டாலராகவே இருக்கிறது; நேரம் மட்டும் சுருங்குகிறது. எழுத்து ஏலத்துக்கு நான் முதலில் சொல்லும் மாற்றம் இதுதான்.

ஆனால் இதை அப்படியே கொண்டுவந்தால் லீக் ஓரிடத்தில் இடறும். ஈபேயில் வாங்குபவரின் பையில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இங்கே பணம் அளவானது. ரோட்டிசரி கணக்கில், முதல் வீரருக்கே ஒருவர் அதிகபட்சம் கேட்கக்கூடியது 238 டாலர். மீதி 22 இடத்துக்கும் ஆளுக்கு ஒரு டாலராவது வைத்திருக்க வேண்டும். இப்போது ஒருவரிடம் 100 டாலர் மிச்சம். ஒரே நேரத்தில் ஏலத்தில் இருக்கும் நான்கு வீரர்களுக்கும் ஆளுக்கு 40 என்று உச்சவரம்பு சொல்கிறார். நான்கும் 40-க்கே விழுந்தால் 160. என்ன செய்வது?

ஒரு வழி, உச்சவரம்புகளின் கூட்டுத்தொகை கையிருப்பைத் தாண்டக்கூடாது என்று சொல்வது. பாதுகாப்பானதுதான், ஆனால் எல்லோரும் பயந்து இரண்டு பேருக்கு மட்டும் கேட்பார்கள், ஏலம் வறண்டுபோகும். மற்றொரு வழி, அந்த நேரத்தில் அவர் முன்னிலையில் இருக்கும் விலைகளை மட்டும் கூட்டுவது. நான்கு பேரும் 22, 25, 18, 20-இல் நின்றால் 85, பிரச்சினை இல்லை. யாராவது விலையை ஏற்றி, மொத்தம் கையிருப்பைத் தாண்டும் நிலை வந்தால், அந்த இடத்தில் கணினி அவர் சார்பில் கேட்பதை நிறுத்திவிடும். யாரை முதலில் விட்டுக்கொடுக்கலாம் என்ற வரிசையை அவரே முன்கூட்டித் தந்திருப்பார். இரண்டாவது வழியே எனக்குச் சரியாகப் படுகிறது.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எந்தக் கேள்வி முதலில் வந்தது என்பதைப் பொறுத்து முடிவு மாறலாம். அதனால் வந்த கேள்வியை வந்தவுடன் சேர்க்காமல், நாளுக்கு ஒருமுறை குறித்த மணிக்கு எல்லாக் கேள்விகளையும் மொத்தமாகச் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது. கலிபோர்னியாவில் இருப்பவர் தூங்கும்போது டோக்கியோவில் இருப்பவர் முந்திக்கொள்ள முடியாது. கடைசி நொடியில் பாய்கிற வேலையும் ஒழிந்துவிடும். அந்தப் பாய்ச்சலைப் பொருளாதார அறிஞர்கள் ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கென்ஃபெல்ஸ் இருவரும் ஆராய்ந்து 2002-இல் எழுதியிருக்கிறார்கள். குறித்த நொடியில் முடியும் ஈபே ஏலங்களில், கேள்வி வந்தால் நேரத்தை நீட்டித்த அமேசான் ஏலங்களைவிடக் கடைசி நேரக் கேள்விகள் அதிகம். நீட்டித்தால் பாய்ச்சல் குறைகிறது, ஆனால் ஏலம் வளர்கிறது. தினச் சுற்று வைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. கடிகார முறையை விட மனமில்லாதவர்கள் நீட்டிப்பையாவது பாதி பாதியாகக் குறைக்கலாம்: 24 மணி, அப்புறம் 12, 6, 3. எத்தனை கேள்வி வந்தாலும் மொத்தம் 48 மணியைத் தொடாது.

சுற்று முறையில் எல்லாப் பொருளையும் ஒரே நேரத்தில் ஏலம் விடுவது அமெரிக்காவில் அலைக்கற்றைக்காக வந்தது. பால் மில்குரோம், ராபர்ட் வில்சன் போன்ற பொருளாதார அறிஞர்கள் வகுத்த முறை அது. அவர்கள் இருவருக்கும் 2020-இல் நோபல் கிடைத்தது. 1994 ஜூலையில் நடந்த முதல் ஏலத்தில் 10 உரிமங்கள் 5 நாளில், 47 சுற்றில், 61.7 கோடி டாலருக்குப் போயின. அதில் லீக்குகள் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு விதி இருக்கிறது. மற்றவர்கள் கேட்கட்டும், நாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் சும்மா இருக்க முடியாது. இந்தச் சுற்றில் போதிய அளவு கேட்காதவருக்கு அடுத்த சுற்றில் கேட்கும் தகுதி குறையும். லீக்கில் இதை இப்படி மாற்றலாம்: பத்து இடம் காலியாக உள்ள அணி தினமும் குறைந்தது ஐந்து வீரர்களிடமாவது முன்னிலையில் இருக்க வேண்டும், அல்லது புதிதாகக் கேட்டிருக்க வேண்டும். தவறினால், அந்தத் திறந்த ஏலத்தில் அது வாங்கக்கூடிய ஆட்களில் ஒன்று குறையும். சுற்று முறை மட்டுமே வேகத்துக்கு உத்தரவாதம் இல்லை. 2010-இல் இந்தியாவின் 3ஜி ஏலம் 34 நாள், 183 சுற்று ஓடியது. உச்சவரம்பு முறையும் சேர வேண்டும்.

இவ்வளவு எதற்கு, 700 பேருக்கும் மூடிய உறையில் விலை வாங்கி ஒரே நாளில் முடித்துவிடலாமே? பேஸ்பாலே ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தது. ஜப்பானிய லீக்கிலிருந்து ஒரு வீரரோடு பேசும் உரிமைக்கு அமெரிக்க அணிகள் மூடிய விலை தர வேண்டும். அதிகம் எழுதியவர் எழுதியதையே கொடுக்க வேண்டும். 2006-இல் டைசுகே மட்சுசகாவுக்காக பாஸ்டன் ரெட் சாக்ஸ் எழுதிய தொகை 5,11,11,111 டாலர் 11 சென்ட். அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்று தெரியாமல் எழுதும்போது, ஒரு வீரரின் மதிப்பை மிக அதிகமாகக் கணித்தவரே வெல்கிறார். மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய் ஏலங்களைப் பார்த்து 1971-இல் மூன்று பொறியாளர்கள் எழுதிய ‘வென்றவரின் சாபம்’ இதுதான். திறந்த ஏலத்தில் மற்றவர்கள் விலகுவதைப் பார்த்து நம் கணிப்பைத் திருத்திக்கொள்ளலாம். மூடிய உறையில் அது முடியாது.

இங்கேதான் அட்டை லீக் ரோட்டிசரி லீக்கிலிருந்து வேறுபடுகிறது. ரோட்டிசரியில் வரப்போகும் சீசனுக்குப் பணம் கட்டுகிறார்கள். அந்த பிட்சரின் தோள் ஜூனில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே மற்றவர்களின் கேள்வி உண்மையிலேயே ஒரு தகவல். அட்டை லீக்கில் சீசன் முடிந்து எண்கள் அச்சாகிவிட்டன. எல்லோரும் அதே அட்டையைத்தான் பார்க்கிறார்கள். என் அணியில் ஏற்கெனவே கேட்சர் இருக்கிறாரா, என் மைதானத்தில் ஹோம் ரன் எளிதா என்பதில்தான் மதிப்பு வேறுபடுகிறது. விக்ரியின் உறைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக அணி பிரிக்கும் அட்டை லீக் துணிந்து மூடிய முறைக்குப் போகலாம். வீரர்களைப் பல ஆண்டு வைத்துக்கொள்ளும் லீக்குகள் அப்படிச் செய்யக்கூடாது. அங்கே 22 வயது இளைஞனின் எதிர்காலம் யாருக்கும் தெரியாத ஒன்று.

அப்புறம் வால்பகுதி. ஏலத்தின் பிற்பாதியில் பலரிடம் இடத்துக்கு ஒரு டாலர்தான் மிச்சம் இருக்கும். 600-ஆவது வீரருக்கு ஏலம் என்று பெயரே தவிர, கேட்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஆனால் அவருக்கும் 24 மணிக் கடிகாரம் ஓடுகிறது! ஐபிஎல்லில் பிற்பகுதியில் அணிகள் எழுதிக்கொடுத்த பெயர்களை மட்டும் வேகமாக எடுத்து முடிப்பது இதனால்தான்.

நம் 700 பேரை இப்படிப் பிரிப்பேன். முதல் 100 பேரும் ஒரே நேரத்தில் திறந்த ஏலத்தில், உச்சவரம்போடு, தினம் ஒரு சுற்று. ஒரு முழுச் சுற்றில் எவரது விலையும் அசையாவிட்டால் முடிவு, எப்படியும் 10 நாளுக்குமேல் இல்லை. அடுத்த 240 பேருக்கு ஒரே மூடிய பட்டியல், இரண்டாம் விலை முறையில். எழுதித்தர 3 நாள். கணினி மிக உயர்ந்த கேள்வியிலிருந்து கீழே இறங்கிவரும். ஓர் அணியின் பணம் தீர்ந்தால் அதன் மீதிக் கேள்விகள் தானாக விழும். கடைசி 360 பேருக்கு டிராஃப்ட்: ஒரு சுற்று மேலிருந்து கீழ், அடுத்தது கீழிருந்து மேல். ஒவ்வோர் அணியும் தன் விருப்ப வரிசையை முன்பே தந்துவிட்டால், ஆளுக்காள் காத்திருக்காமல் 18 சுற்றையும் கணினி ஒரே மூச்சில் முடித்துவிடும். பட்டியல் எழுத 4 நாள் கொடுக்கலாம். ஆக மொத்தம் 17 நாள்.

மூடிய பட்டியலில் இருவர் ஒரே தொகை எழுதினால், சென்ற சீசனில் கீழே முடித்த அணிக்குக் கொடுத்துவிடுங்கள். விலை, அந்தத் தொகையேதான்.