கண் திறந்தால்தான் 3200

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கல்லூரித் தம்பி ஒருவர், புதுக் கணினியின் ராம் (தற்காலிக நினைவகம்) வேகம் பற்றிப் புகைப்படத்தோடு கேட்டிருக்கிறார்: "சார், ராம் பெட்டியில 3200ன்னு போட்டிருக்கு. டாஸ்க் மேனேஜர்ல 2400ன்னுதான் காட்டுது. அசெம்பிள் பண்ணின கடையில கேட்டா, 'பெட்டில போட்டிருக்கறது சும்மா தம்பி, ஓடறது இதான்'ங்கறாங்க. பயாஸ்ல எக்ஸ்எம்பி ஆன் பண்ணினா மூணு தடவ அணைஞ்சு எரிஞ்சு மறுபடி 2400க்கே வந்துடுது. எங்க ஆயா, புது சிஸ்டத்துக்குக் கண்ணு பட்டுடுச்சுன்னு உப்பு மிளகா சுத்திப் போட்டாங்க. நான் ஏமாந்துட்டேனா?"

ஏமாறவில்லை தம்பி. கடைக்காரர் சொன்னது தப்பு. ஆயா சொன்னது பாதி சரி. கோளாறு கண்ணில்தான், ஆனால் அது வேறு கண்.

முதலில் சுலபமானதை முடித்துவிடுவோம். டிடிஆர் வகை ராம், கடிகாரத் துடிப்பின் ஏற்றத்தில் ஒரு முறையும் இறக்கத்தில் ஒரு முறையும் தரவு அனுப்பும். ஆகவே 3200 என்பது நொடிக்கு 320 கோடிப் பரிமாற்றம். கடிகாரம் ஓடுவது 1600 மெகாஹெர்ட்ஸில். சிபியூ-இசட் மென்பொருளில் 1600 என்று கண்டு பாதிதான் ஓடுகிறது என்று பதறுகிறவர்கள் நிறைய. இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள், விவகாரம் முடிந்தது.

ஆனால் 2400 என்பது உண்மையிலேயே குறைவுதான். ராம் ஸ்டிக்கில் பெரிய சில்லுகளுக்கு நடுவே அரிசி அளவில் ஒரு குட்டிச் சில்லு இருக்கும். அதுதான் ஸ்டிக்கின் ஜாதகம். 'நான் இத்தனை ஜிபி, இந்த வேகத்தில் ஓடுவேன், இவ்வளவு தாமதம் வேண்டும்' என்ற விவரமெல்லாம் அதில் பதிந்திருக்கும். டிடிஆர்4-இல் அதன் கொள்ளளவு 512 பைட். தமிழில் இரண்டு வாக்கியம் எழுதினால் நிரம்பிவிடும். சுவிட்சைப் போட்டதும் போர்டு, அதாவது மதர்போர்டு, முதலில் அதைப் படிக்கிறது. அதில் இரண்டு வகைக் குறிப்பு உண்டு. ஒன்று, ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்த நிதானமான வேகம், 1.2 வோல்ட்டில். மற்றது எக்ஸ்எம்பி. இன்டெல் 2007-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. 'மின்னழுத்தத்தை 1.35 ஆக்கிக் கொடு, 3200-இல் ஓடிக் காட்டுகிறேன்' என்று ஸ்டிக் தயாரித்தவர் எழுதிவைக்கும் வாக்குறுதி. தரத்தை மீறிய ஓட்டம் என்பதால், நாமாகப் பயாஸ் என்ற தொடக்க அமைப்புத் திரைக்குப் போய்ச் சரி என்று சொல்லும்வரை போர்டு அதைத் தொடாது. ஆகப் பெட்டியில் போட்டிருப்பது 'சும்மா' இல்லை; கடையில் அந்த ஒரு அமைப்பை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு தடையும் உண்டு. ராமை நடத்துகிற கட்டுப்பாட்டுப் பகுதி இப்போது சிபியூவுக்குள்ளேயே இருக்கிறது. இன்டெல் ஐ5-10400 சிபியூவை எச்410 போர்டில் போட்டிருந்தால் 2666-க்கு மேல் தலைகீழாக நின்றாலும் ஏறாது. தம்பியிடம் இருப்பது ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி சிபியூ, பி550 போர்டு, 8 ஜிபி ஸ்டிக் இரண்டு. இந்தச் சேர்க்கைக்கு 3200 கைவந்த வேகம். தனி கிராபிக்ஸ் கார்டும் இல்லை. படம் வரைகிற வேலைக்கும் இதே ராம்தான். அதனால் வேகம் குறைந்தால் விளையாட்டில் கண்ணுக்கே தெரியும்.

பிறகு ஏன் ஏறவில்லை? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

சுவிட்சைப் போட்டால் கம்பியின் அந்தப் பக்கம் உடனே மின்சாரம் போய்ச் சேர்கிறது என்றுதான் பள்ளியில் படித்தோம். 3200 வேகத்தில் அந்தப் பாடம் உதவாது. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 312.5 பிகோநொடி (நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிகோநொடி). போர்டின் செப்புக் கோட்டில் ஒரு நானோநொடியில், அதாவது ஆயிரம் பிகோநொடியில், சமிக்ஞை கடப்பது சுமார் 15 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால், ஒரு பிட்டின் நீளம் ஏறக்குறைய 4.7 சென்டிமீட்டர், சுண்டுவிரல் அளவு! முதல் பிட் ராமைத் தொடுவதற்குள் அடுத்தது சிபியூவிலிருந்து கிளம்பிவிடுகிறது. கோட்டில் ஓடுவது மின்சாரம் என்று நினைப்பதைவிட அலை என்று நினைப்பதே சரி.

அலை என்றால் கரை வேண்டும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பாறை கொட்டிய பகுதியில் சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வந்த அலை கல்லில் மோதித் திரும்பிப் போய், பின்னால் வரும் அலையோடு முட்டி, தண்ணீர் கன்னாபின்னாவென்று எகிறும். எது வருகிற அலை, எது போகிற அலை என்று பிரித்துச் சொல்ல முடியாது. இருபது கிலோமீட்டர் சொச்சம் தெற்கே தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு வாருங்கள். அதே வங்காள விரிகுடாதான். ஆனால் அலை சரிவான மணலில் ஏறி, நுரைத்து, அடங்கிவிடும். திரும்பிப் போவது கொஞ்சம்.

கோட்டின் முனையை அந்தரத்தில் விட்டால் பாறை. கோட்டின் இயல்புக்குப் பொருத்தமான மின்தடையை முனையில் வைத்தால் மணல். வந்த ஆற்றலை அது விழுங்கிவிடும், எதிரொலி எழாது. டிடிஆர்2 காலத்திலிருந்து இந்த மணல் ராம் சில்லுக்குள்ளேயே வந்துவிட்டது. தேவைப்படும்போது விரித்து, வேண்டாதபோது சுருட்டிக்கொள்ளும் மணல். இதை யோசித்தவரைக் கண்டால் ஒரு காபி வாங்கிக் கொடுப்பேன்.

இப்போது தம்பியின் புகைப்படத்துக்கு வருவோம். போர்டில் நாலு ஸ்லாட். இரண்டு தடம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்லாட். பெரும்பாலான போர்டுகளில் கோடு சிபியூவிலிருந்து கிளம்பி, கிட்டத்து ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு, தூரத்து ஸ்லாட்டில் முடிகிறது. தூரத்தில் ஸ்டிக் இருந்தால் கோட்டின் முனையில் மணல். கிட்டத்தில் மட்டும் செருகினால், மிச்சக் கோடு வால்போலத் தொங்கும். அதன் முனையில் காலி ஸ்லாட், அதாவது பாறை. புகைப்படத்தில் ஸ்டிக்குகள் இருப்பது சிபியூ பக்கத்திலிருந்து எண்ணினால் ஒன்றிலும் மூன்றிலும். இரண்டு தடமும் பாறையில் மோதிக்கொண்டிருக்கின்றன.

சரி, அப்படியானால் 2400-இல் மட்டும் எப்படி ஓடுகிறது? அங்கே ஒரு பிட்டுக்கு 417 பிகோநொடி. ஒரு சென்டிமீட்டர் வாலில் எதிரொலி போய்த் திரும்ப ஏறத்தாழ 130 பிகோநொடி ஆகும். ஒரு தடவை மோதியதோடு அது ஓய்வதுமில்லை. கலங்கிய தண்ணீர் தெளிய 2400-இல் நூறு பிகோநொடி கூடுதலாகக் கிடைக்கிறது. 3200-இல் தெளிவதற்குள் அடுத்த பிட் வந்து இறங்கிவிடும்.

அந்தக் கலங்கலைப் போர்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது? சுவிட்சைப் போட்டுத் திரை எரிவதற்கு முன் ஒரு பயிற்சி நடக்கிறது. சிபியூ தனக்குத் தெரிந்த ஒரு பிட் வரிசையை ராமில் எழுதுகிறது, திரும்பப் படிக்கிறது. படிக்கும் கணத்தை மயிரிழை முன்னே நகர்த்துகிறது, மறுபடி படிக்கிறது. பிழை வந்த இடத்தைக் குறித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நகர்கிறது. பழைய ரேடியோவில் புதுச்சேரி வானொலியைப் பிடித்தவர்களுக்கு இந்த வித்தை தெரியும். குமிழைத் திருப்பத் திருப்ப இரைச்சலுக்கு நடுவே குரல் வரும், தாண்டினால் மறுபடி இரைச்சல். இரண்டு இரைச்சலுக்கும் நட்டநடுவில் நிறுத்தினால் பாட்டு தெளிவு. அதையே ஒவ்வொரு கோட்டுக்கும் சிபியூ செய்கிறது, நேரத்திலும் மின்னழுத்தத்திலும்.

லட்சக்கணக்கான பிட்டுகளின் அலைவடிவத்தை அலைநோக்கியின் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், மேலும் கீழும் கோடுகள் குவிந்து நடுவே ஒரு வெற்றிடம் தெரியும். பார்க்க அசல் கண் மாதிரியே இருக்கும். பொறியாளர்கள் அதைக் கண் வரைபடம் என்றே சொல்கிறார்கள். கண் அகலத் திறந்திருந்தால் 0 எது, 1 எது என்று தெளிவாகப் படிக்கலாம். எதிரொலியும் இரைச்சலும் சேர்ந்தால் இமை மூடத் தொடங்கும். எங்கே நகர்த்தியும் திறந்த இடம் அகப்படவில்லை என்றால், போர்டு தன்னை அணைத்து எழுப்பி மறுபடி முயலும். சில முறை பார்த்துவிட்டு, வம்பு வேண்டாம் என்று பழைய வேகத்துக்கே போய்விடும். தம்பி பார்த்த மூன்று தடவை அதுதான். உப்பு மிளகாய் சுற்றிய ஆயாமேல் எனக்குக் கோபமில்லை. பேரன்மேல் உள்ள பாசம். காசு வாங்கிக்கொண்டு தப்பான ஸ்லாட்டில் செருகிவிட்டு 'சும்மா' என்று சொன்ன கடைக்காரர்மேல்தான் கோபம். போர்டோடு வரும் சின்னப் புத்தகத்தில் எந்த ஸ்லாட் என்று படமே போட்டிருக்கிறது.

இந்தக் கண்ணை நேரில் காட்டும் அலைநோக்கி லட்சங்களில் தொடங்கிக் கோடிக்குப் போகும். நான் பார்த்த பொறியியல் மாணவர்களில் பலர், கோட்டின் எதிரொலிக்கான சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, தேர்வில் எழுதி, ஒரு நாள்கூட அலையைப் பார்க்காமல் பட்டம் வாங்கியவர்கள். 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு குறைக்கடத்தித் துறைக்கு 76,000 கோடி ரூபாய் அறிவித்தது. குஜராத்தின் சாணந்தில் அமெரிக்க மைக்ரான் நிறுவனத்தின் ஆலை, வேறு நாட்டில் செதுக்கிய சில்லை உறையிட்டுச் சோதிப்பதற்கானது. நல்லதுதான். ஆனால் அந்தத் தொகையில் தூசி அளவு கல்லூரி ஆய்வகத்துக்கு வந்தால், சில்லைச் செதுக்கவே தெரிந்தவர்கள் இங்கிருந்து கிளம்புவார்கள் என்பது என் கட்சி.

தம்பிக்கு எழுதிய பதில் ஒரே வரிதான்: மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இரண்டு ஸ்டிக்கையும் இரண்டு, நான்காம் ஸ்லாட்டுக்கு மாற்று, 'கிளிக்' என்று இரு முனையும் பூட்டும்வரை அழுத்து, பிறகு எக்ஸ்எம்பி. அன்று ராத்திரியே 3200 வந்துவிட்டது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை விடியவிடிய ஓடவிடச் சொன்னேன். திரை எரிந்தது என்பதாலேயே கண் முழுக்கத் திறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. காலையில் பிழை 0 என்று படம் அனுப்பினார்.

உங்களுக்கு இதிலும் சரியாகவில்லையா? பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள். புதிய பதிப்புகளில் பயிற்சி முறையும் மேம்பட்டிருக்கும். கடலோர ஊர்களில் ஸ்டிக்கின் தங்க முனையில் உப்புப் பிசுக்கு படியும். ரப்பரால் தேய்க்காதீர்கள், பூச்சு மெல்லியது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும். நாலு ஸ்டிக் போட்டிருந்தால் வேகம் குறைவது கோளாறே இல்லை. டிடிஆர்5-இல் ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நாலு என்றால் 3600 என்று ஏஎம்டியே சொல்கிறது. அந்த டிடிஆர்5-இல் முதல் பயிற்சிக்குச் சில நிமிடம்கூட ஆகலாம். திரை கறுப்பாக இருக்கிறதே என்று சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டால், பாவம், அது ஒவ்வொரு முறையும் அகரத்திலிருந்து தொடங்கும். எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.