“எப்படியாவது இறக்கிடுங்க கேப்டன்!”

சார்ட்டர் விமானம், அதாவது முழுசாக வாடகைக்கு எடுக்கிற விமானம், ஓட்டுகிற எல்லாருக்கும் பழகிப்போன பேச்சு இது. கல்யாண முகூர்த்தம், கட்சிக் கூட்டம், கையெழுத்தாக வேண்டிய ஒப்பந்தம் என்று காரணம் மட்டும் மாறும். யாரும் மிரட்டுவதில்லை, பெரும்பாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். பணம் கட்டியவர் சிரித்துச் சொன்னாலே போதுமே.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்பவர்களிடம் ஆஸ்பென் விபத்தைப் படிக்கச் சொல்வேன். 2001 மார்ச் 29, அமெரிக்காவின் கொலராடோ மாநிலம். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்த கல்ஃப்ஸ்ட்ரீம் 3 ஜெட்டில் 15 பயணிகள், 3 ஊழியர்கள். ஆஸ்பெனில் விமான நிலையமே 7,800 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, சுற்றிலும் மலை. அந்த ரக விமானம் அன்று மாலை 6.58க்குள் அங்கே தரையிறங்கியாக வேண்டும், அதன் பிறகு அனுமதி இல்லை. பயணிகள் வந்து சேரத் தாமதமானதில் புறப்பாடு 41 நிமிடம் தள்ளிப்போனது. வேறு ஊரில் இறங்க நேரலாம் என்றதும் வாடகைக்கு எடுத்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. திருப்பிவிடுகிற பேச்சே கூடாது என்று நிறுவனத்துக்குச் சொல்லியனுப்பினார்.

பனி பெய்துகொண்டிருந்தது, இருட்டிவிட்டது. முன்னால் போன விமானங்கள் ஓடுபாதை தெரியாமல் மேலேறிவிட்டன. இந்த விமானத்தின் காக்பிட்டில் மூன்றாவது இருக்கையில் ஒரு பயணி வேறு உட்கார்ந்திருந்தார். ஓடுபாதை கண்ணில் படாதவரை 10,200 அடிக்குக் கீழே போகக்கூடாது என்பது அங்கே இறங்கும் முறையின் விதி. போனார்கள். 7 மணி தாண்டிச் சற்று நேரத்தில், ஓடுபாதைக்கு 2,400 அடி முன்னால் மலைச்சரிவில் மோதி 18 பேரும் இறந்தார்கள்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முதல் காரணமாகச் சொன்னது, ஓடுபாதை தெரியாமலே விமானிகள் எல்லைக்குக் கீழே இறங்கியதைத்தான். அதில் மறுபேச்சில்லை. ஆனால் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து கேப்டன்மேல் விழுந்த அழுத்தத்தையும் துணைக்காரணங்களில் ஒன்றாக எழுதினார்கள். இரவில் அந்த முறையில் இறங்கத் தடை இருந்ததும், அந்தத் தடையைச் சொன்ன அறிவிப்பு தெளிவாக எழுதப்படாததும்கூட அதே அறிக்கையில் இருக்கின்றன.

சின்ன ஜெட்டில் காக்பிட்டுக்கும் கேபினுக்கும் நடுவே பல நேரம் ஒரு திரைதான். நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து “ச்சே” என்பது எங்களுக்கு நன்றாகவே கேட்கும். கடைசிச் சில நிமிடங்களில் வேகம், உயரம், காற்று, சக்கரம், டவர் பேச்சு எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் “ச்சே”யும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

தரையை நெருங்கிய விமானம் திடீரென்று இரைச்சலோடு மேலேறினால் பதறாதீர்கள். அதற்குக் கோ-அரவுண்ட் என்று பெயர், சிமுலேட்டரில் (தரையிலிருக்கும் பயிற்சிக் காக்பிட்) திரும்பத் திரும்பப் பழகுகிற வேலை. வயிற்றைக் கொஞ்சம் புரட்டும், அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று விமானி சொல்லுவார், கொஞ்சம் பொறுங்கள்.

வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்: இறங்க முடியாவிட்டால் எந்த ஊர்? அந்த ஊரிலும் ஒரு காரைச் சொல்லி வையுங்கள். மாற்று ஊரில் கார் நிற்கிறது என்று புறப்படும் முன்பே கேப்டனிடம் சொல்லுங்கள். நாங்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டோம், ஆனால் வானிலை மோசமான நாளில் ஒரு பயணி எங்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.