பைக் எஞ்சினில் பறக்க நினைக்கும் தம்பிமாருக்கு

பொங்கல் முடிந்த கிழமை ஒரு பொடியன் என் கராஜுக்கு வந்தான். உரப்பையில் சுற்றிய பல்சர் 150 எஞ்சின் ஒன்றை ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினான். "அண்ணை, இதை வைச்சு ஜைரோகொப்டர் ஒண்டு செய்யலாமோ?" ஜைரோகொப்டர், சுருக்கமாக ஜைரோ, என்பது தலைக்கு மேலே சுழலும் றோட்டர் (நீள அலகுகள்) தூக்க, புரொப்பெல்லர் தள்ளப் பறக்கும் சின்ன ஊர்தி. வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவைப் பார்த்துவிட்டு வந்த உற்சாகம் முகத்தில் அப்படியே இருந்தது. ஒரு வருடத்துக்குள் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது ஆள் அவன். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஆசையில் பிழை இல்லை. கிளென் கேர்ட்டிஸ் மோட்டார் சைக்கிள் செய்து விற்ற மனிதர். 1904இல் அமெரிக்காவில் பறந்த ஓர் ஆகாயக் கப்பலை ஓட்டியது அவருடைய பைக் எஞ்சின்தான். சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்களின் 1903 விமானத்தில், எஞ்சினிலிருந்து புரொப்பெல்லருக்குச் சுழற்சியைக் கொண்டுபோனது செயின். நானும் ஜேர்மனியில் ஆறு வருடம், பிஎம்டபிள்யூ பொக்ஸர் பைக் எஞ்சின்களைச் சிறு விமானங்களுக்கும் ஜைரோக்களுக்கும் மாற்றிப் பூட்டும் ஒரு பட்டறையில் வேலை செய்திருக்கிறேன். அங்கே கண்டதை வைத்துத்தான் பேசுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது குதிரைவலு. பல்சர் 150 தருவது 14 குதிரைவலுப் பக்கம். வீட்டிலேயே கட்டக்கூடிய பென்சன் பி-8எம் என்ற ஒற்றை ஆள் ஜைரோவில் 1950களிலேயே போட்டது 72 குதிரைவலு. ஆக, அவனுடைய எஞ்சின் அவனை நிலத்தைவிட்டுத் தூக்காது. சொன்னதும், "அப்ப பெரிய பைக் எஞ்சின் எடுத்தால்?" என்றான். எனக்குப் பயம் வந்தது அந்த இடத்தில்தான். வலு போதாத எஞ்சின் ஆளை நிலத்திலேயே வைத்திருக்கும். வலு உள்ளது மேலே கொண்டுபோய்விடும்.

பைக் எஞ்சின் வேகமாகச் சுற்றித்தான் வலுவைத் தருகிறது. 1.6 மீற்றர் நீளப் புரொப்பெல்லரை நிமிடத்துக்கு 8500 சுற்றில் நேரே பூட்டினால் அதன் நுனி செக்கனுக்கு 700 மீற்றருக்கு மேல் போகவேண்டும். அது ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகம். நுனி ஒலிவேகத்தை நெருங்கும்போதே வலுவெல்லாம் இரைச்சலாகப் போய்விடும். ஆகவே சுற்றைக் குறைக்கப் பல்சக்கரமோ பெல்ட்டோ வேண்டும். விமானத்துக்கென்றே செய்த 100 குதிரைவலு ரோட்டக்ஸ் 912 எஞ்சின்கூட 5800 சுற்றை 2.43ஆல் பிரித்துத்தான் புரொப்பெல்லருக்குக் கொடுக்கிறது.

சரி, லேத்தில் கடைந்து ஒரு கியர்பொக்ஸ் செய்துவிடலாம் என்பீர்கள். நம்மூர் லேத்காரரின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் ஒற்றைச் சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். வெடிக்கும்போது ஷாஃப்ட் முன்னே உதைக்கும்; மற்ற நேரம் தளரும். பைக்கில் அந்த உதையைக் கிளச்சின் ஸ்பிரிங், செயின், பின்சில்லின் றப்பர், ரயர் எல்லாம் பங்குபோட்டு வாங்கிக்கொள்ளும். புரொப்பெல்லரோ பாரமான சக்கரம் மாதிரி, ஒரே சீராகச் சுற்றத்தான் பார்க்கும். நடுவில் அகப்பட்ட ஷாஃப்ட் முறுகும், விடும், முறுகும். ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால் சின்னப் பிள்ளையும் பெரிய ஆளை உயர ஆட்டிவிடும் அல்லவா? அதேபோல எஞ்சினின் உதை ஷாஃப்டின் தாளத்தோடு ஒத்துப்போகும் சுற்று ஒன்று இருக்கும். அந்தச் சுற்றில் முறுக்கு பல மடங்காகும்.

ஒருநாள் ஒரு ஜைரோ எங்களிடம் வந்தது. ஓடியது 40 மணித்தியாலம்தான். "மெதுவாக ஓடும்போது கடகடக்கிறது, மேலே போனால் ஒன்றுமில்லை" என்றார் சொந்தக்காரர். கழற்றினோம். ஷாஃப்டின் பற்களுக்கு இடையில் மிளகாய்த்தூள் மாதிரிச் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. விரலில் தொட்டால் ஒட்டியது. இரும்போடு இரும்பு உரசி உதிர்ந்து துருவான தூள் அது. துடைத்துவிட்டு, வெடிப்புப் பார்க்கும் சாயத்தைப் பூசியபோது, பல்லின் அடியில் தலைமயிர் அளவில் ஒரு கோடு தெரிந்தது. எஞ்சினின் உதையை வாங்கிக்கொள்ள நடுவில் வைத்த றப்பர் இணைப்புக் கல்லாக இறுகியிருந்தது. அவர் ஒவ்வொரு காலையும் எஞ்சினைச் சூடாக்க விட்டுவைத்த சுற்றுத்தான் அந்தப் பொல்லாத சுற்று. இன்னும் சில மணித்தியாலம் பறந்திருந்தால் ஷாஃப்ட் வானத்தில் முறிந்திருக்கும்.

இன்னொன்று. கிளிநொச்சிக்கு 60இல் ஓடும் பைக் அதன் வலுவில் பாதியைக்கூடக் கேட்காது. பறக்கும் எஞ்சின் ஏறும்போது முழு வலுவிலும், பிறகு முக்கால் வலுவிலும் மணிக்கணக்காக உழைக்கும். ரேடியேற்றரும் ஒயில் கூலரும் அதற்கேற்றபடி பெரிதாக வேண்டும். புரொப்பெல்லரின் தள்ளுவிசையையும் பைக்கின் கிராங்க் ஷாஃப்டில் ஏற்றக்கூடாது. அதற்கென்று தனி ஷாஃப்டும் தனி பெயரிங்கும் வேண்டும்.

ஜைரோவுக்கு மட்டும் உரிய ஆபத்தும் உண்டு. அதன் மேல் றோட்டரை எஞ்சின் சுழற்றுவதில்லை, காற்று சுழற்றுகிறது. எஞ்சின் பின்னால் நின்று தள்ளுகிறது, அவ்வளவுதான். பெரிய புரொப்பெல்லர் நிலத்தில் முட்டக்கூடாதென்று எஞ்சினை உயர்த்தினால், தள்ளும் கோடு பாரமையத்துக்கு மேலே போய்விடும். றோட்டரில் பாரம் குறைந்த ஒரு கணத்தில் அந்தத் தள்ளு மூக்கைக் கீழே குத்தி, ஜைரோவை முன்பக்கமாகக் கவிழ்த்துவிடும். அதிலிருந்து மீள முடியாது. பட்டம் கட்டியவர்களுக்கு இது விளங்கும்: முச்சை, அதாவது பட்டத்தில் நூலைப் பிணைக்கும் கட்டு, ஒரு விரல் பிசகினால் பட்டம் குத்தும். பட்டம் விழுந்தால் ஈர்க்குக் குச்சியும் தாளும்தான் நட்டம்.

போர்க்காலத்தில் எரிபொருளுக்குத் தடை இருந்தபோது சூப்பிப் போத்தலால் ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டிய ஊர் இது. அந்தச் சாமர்த்தியத்தில் எனக்குப் பெருமை உண்டு. அன்று எஞ்சின் நின்றால் இறங்கி உருட்டிக்கொண்டு போனோம். 300 அடி உயரத்தில் இறங்க இடமில்லை.

சட்டத்தையும் சொல்லவேண்டும். 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானச் சட்டம் இருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் ஆள் ஏறும் எதையும் பறக்கவிட முடியாது. பலாலியில் பயணிகள் விமானங்கள் ஏறி இறங்குகின்றன. தோட்டக்காணியில் ஓட்டிப் பார்ப்போம் என்ற எண்ணமே வேண்டாம்.

அந்தப் பொடியனை நான் திருப்பி அனுப்பவில்லை. கராஜுக்குப் பின்னால் கொங்கிறீற் அடித்தளம் போட்டு, எஞ்சினை இரும்புச் சட்டத்தில் பூட்டி, சின்ன மரப் புரொப்பெல்லர் ஒன்றை இணைத்தோம். சுற்றிவரத் தடித்த கம்பிவலை. புரொப்பெல்லர் சுழலும் தளத்துக்கு நேரே பக்கவாட்டில் யாரும் நிற்கக்கூடாது. அலகு உடைந்தால் அந்தப் பக்கம்தான் பறக்கும். சனிக்கிழமைகளில் வருகிறான். ஒரு கொப்பியில் சுற்று, ஒயில் சூடு, ஓடிய நேரம் எல்லாம் எழுதுகிறான். பதினோராவது மணித்தியாலத்தில் சத்தம் மாறியது. நிறுத்திக் கழற்றினோம். இணைப்பு றப்பர் இரண்டாகக் கிழிந்திருந்தது. அவன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கொப்பியில் நேரத்தைக் குறித்துக்கொண்டான்.