அமெரிக்காவில் கருமருந்து வாங்குவது: 50 பவுண்டு விலக்கும், அதில் அடங்காத செலவும்

குழல்வாய் வழியே கருமருந்தும் ஈயக்குண்டும் கெட்டித்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கிகளை அமெரிக்காவில் பலர் இன்றும் ஆசையாக வைத்துச் சுடுகிறார்கள். இதற்கான மருந்தை வாங்க மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டுமா? 50 பவுண்டு வரை வேண்டாம். 1970-இல் வந்த வெடிபொருள் சட்டம் 5 பவுண்டுக்குத்தான் விலக்கு கொடுத்தது. 1975 ஜனவரியில் வந்த திருத்தம் அதை 50 ஆக்கியது.

விலக்குக்கு நிபந்தனைகள் உண்டு. மருந்து ஆலையில் தயாரித்து விற்பனைக்கு வந்ததாக இருக்க வேண்டும். வீட்டில் அரைத்தது சேராது. விளையாட்டு, பொழுதுபோக்கு, பண்பாட்டு நிகழ்ச்சி ஆகியவற்றுக்காக, 'பழங்காலத் துப்பாக்கி' என்று சட்டம் சொல்லும் வகையில் மட்டுமே பயன்படுத்தலாம். 1898-இலோ அதற்கு முன்போ செய்தவையும், தோட்டா போட முடியாதபடி கருமருந்துக்கென்றே செய்த புதிய குழல்வாய்த் துப்பாக்கிகளும் அந்த வகை. பழைய தோற்றத்தில் இருந்தாலும், கடையில் கிடைக்கும் தோட்டாவைப் போட்டுச் சுடும் புதுத் துப்பாக்கி அதில் வராது. பட்டாசு செய்வதற்கும் இந்த விலக்கு இல்லை. மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடிகளான கேப்புகளுக்கும், திரிக்கும் இதே பிரிவில் விலக்கு உண்டு.

சரி, இவ்வளவு தாராளம் இருந்தும் பக்கத்துக் கடையில் மருந்து ஏன் கிடைப்பதில்லை? விலக்கு வாங்குகிறவருக்குத்தான், விற்கிறவருக்கு இல்லை. ஒரே ஒரு பவுண்டு விற்றாலும் கடைக்காரர், துப்பாக்கி, வெடிபொருள்களைக் கண்காணிக்கும் மத்திய அரசின் ஏ.டி.எஃப். துறையிடம் வெடிபொருள் லைசென்ஸ் எடுக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு 200 டாலர், புதுப்பிக்க 100 டாலர். அந்தப் பணம் பெரிதில்லை. விதிப்படி பூட்டிய வெடிமருந்துப் பெட்டகம், கணக்குப் பதிவேடு, அதிகாரிகளின் சோதனை ஆகியவற்றுக்கு அஞ்சித்தான் சிறிய கடைகள் ஒதுங்குகின்றன. பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் போன்ற மாற்று மருந்துகளுக்கு இந்த லைசென்ஸ் தேவையில்லை; அதனால் அலமாரியில் அவைதான் இருக்கும். அவை தீப்பிடிக்க அதிகச் சூடு வேண்டும். கேப் வைத்துச் சுடுகிறவர் அவற்றை வைத்துச் சமாளிக்கலாம். கல்லின் பொறியால் பற்றவைக்கும் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்காரருக்கு அசல் கருமருந்துதான் கைகொடுக்கும். அவர்களுக்கு இந்தச் சட்டம் பாதி உரிமையைத்தான் கொடுத்திருக்கிறது என்பது என் கருத்து.

உற்பத்தியும் மிகச் சிலர் கையில் இருக்கிறது. லூசியானாவின் மிண்டனில் கருமருந்து செய்யும் கோயெக்ஸ் ஆலையை மூடுவதாக 2021 செப்டம்பரில் ஹாட்ஜன் நிறுவனம் அறிவித்ததும் கிடைத்த டப்பாக்களை எல்லாரும் வாங்கிக் குவித்தார்கள். அடுத்த ஆண்டு எஸ்டெஸ் நிறுவனம் அதை வாங்கியது. மாதிரி ராக்கெட் மோட்டார்களுக்கு அவர்களுக்கே கருமருந்து வேண்டும். வெளிநாட்டிலிருந்து சுவிட்சர்லாந்தின் 'சுவிஸ்', ஜெர்மனியின் 'ஷூட்சன்' வருகின்றன.

கடையில் இல்லையென்றால் பார்சல்தான். அரசுத் தபாலில் அனுப்பக் கூடாது. தனியார் பார்சலில், மருந்து விலையோடு அபாயப் பொருள் கட்டணமும் சேரும். ஒரு பவுண்டு வாங்கினால் அந்தக் கட்டணம் மருந்து விலையையே விழுங்கிவிடும். வெடிபொருள் என்று இல்லாமல், எரியும் திடப்பொருள் என்ற எளிய வகைப்பாட்டில் அனுப்பும்போது ஒரு பெட்டியில் ஒரு பவுண்டு டப்பாக்கள் 25 வரை வைக்கலாம். அதனால் கிளப்பில் நாலு பேர் சேர்ந்து பெட்டியாக வாங்கிச் செலவைப் பங்கு போடுவது நல்லது. ஆனால் லாபத்துக்காக வாங்கி விற்க ஆரம்பித்தால் அது வியாபாரம், லைசென்ஸ் வேண்டும். இன்னொன்று: இரண்டு பெட்டி இறக்கினாலே 50 பவுண்டு ஆகிவிடும். வீட்டில் பழைய டப்பா பாதி இருந்தால் வரம்பு தாண்டிவிட்டது.

எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது சுலபம். ஒரு பவுண்டு 7,000 கிரெய்ன். ஒரு சுடலுக்கு 70 கிரெய்ன் போட்டால் 100 முறை சுடலாம். பொடி எவ்வளவு நுண்மை என்பதை 'எஃப்' எண் சொல்லும்; எண் கூடினால் பொடி நுண்மையாகும். பெரிய துளைக் குழலுக்கு 2எஃப், சிறிய துளைக் குழலுக்கும் கைத்துப்பாக்கிக்கும் 3எஃப் பொடி. 4எஃப் சிக்கிமுக்கித் துப்பாக்கியில் பொறி விழும் கிண்ணியில் தூவ மட்டும். குழலுக்குள் கெட்டிக்கக் கூடாது.

மேலே சொன்னதெல்லாம் மத்திய அரசின் சட்டம். மாநிலமோ நகரத் தீயணைப்பு விதியோ வீட்டில் வைக்கும் அளவை இதைவிடக் குறைத்திருக்கலாம். மருந்தை வைக்கும் பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கலாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஆர்டர் போடுவதற்கு முன்பே உள்ளூர்த் தீயணைப்பு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பார்சல் வந்து இறங்கிய பிறகு திருப்பி அனுப்புவது லேசில்லை.