மேசை உயரமும் பெருவிரல் வலியும்

ஹட்டன் பக்கம் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்கிற எனக்குப் பெருவிரல் அடியில் வரும் வலி புதிதில்லை. கொழுந்து பறிக்கிறவர்கள் பலர் அதோடுதான் வருவார்கள். ஆகவே ஒரு டீச்சர் அதே வலியோடு வந்து, உடுப்புக் கழுவியதால் வந்தது என்றபோது அப்படியே நம்பிவிட்டேன். மூன்றாம் தடவைதான் தயங்கித் தயங்கி, "சிரிக்காதீங்க மிஸ், நான் ராத்திரியில ஓர்கன் பழகுறேன்" என்றார். ஓர்கன் என்று அவர் சொன்னது பியானோ மாதிரிக் கட்டைகள் உள்ள மின்சாரக் கீபோர்டை. நாற்பது தாண்டிய வயதில் பியானோ கனவைச் சொல்ல வெட்கம். (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்து வரச் சொன்னேன். படத்தைப் பார்த்ததும் பாதி விஷயம் விளங்கிவிட்டது. சாப்பாட்டு மேசையில் 61 கட்டை ஓர்கன், முன்னால் பிளாஸ்டிக் கதிரை, தோள் இரண்டும் காதுக்குக் கிட்ட.

பியானோவில் வெள்ளைக் கட்டைகள் தரையிலிருந்து ஏறக்குறைய 73 செ.மீ. உயரத்தில் இருக்கும். சாப்பாட்டு மேசையே 75 செ.மீ. அளவில் வரும். அதற்கு மேல் ஓர்கனை வைத்தால் கட்டைகள் 80ஐத் தாண்டிவிடும். முழங்கை கீழே, கட்டை மேலே என்றால் மணிக்கட்டு மடங்காமல் வேறு வழியில்லை. செலவில்லாத வைத்தியம், கம்பளியை நாலாக மடித்துக் கதிரையில் போட்டு உட்காருவது. முழங்கையிலிருந்து விரல் வரை தரைக்குச் சமமாக வரும்வரை உயர்த்துங்கள். கால் தொங்கினால் அடியில் ஒரு செங்கல். கதிரையின் கைப்பிடி முழங்கையை இடித்தால், கைப்பிடி இல்லாத ஸ்டூல்தான் நல்லது. லயன் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டின் சின்ன அறையில்) மேசைக்கு ஏது இடம் என்று கட்டிலில் வைத்து வாசிப்பவர்களும் உண்டு. அதில் முதுகு வளைந்து, மணிக்கட்டு மற்றப் பக்கமாக ஒடியும். தரையில் சம்மணம் போட்டு, ஓர்கனைத் தாழ்ந்த பலகையில் வைப்பது அதைவிட மேல்.

உயரம் சரியான பிறகும் டீச்சருக்கு வலி முழுதாகப் போகவில்லை. அடுத்த வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று சத்தத்தை ஒரேயடியாகக் குறைத்து வைத்து, கேட்காததால் கட்டையைப் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தார்! கட்டை அடியைத் தொட்ட பிறகு எவ்வளவு அமுக்கினாலும் கூடுதலாக ஒரு சத்தமும் வராது. அந்தப் பலமெல்லாம் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்குத்தான் போகிறது. வாசிக்கும்போது நகம் வெளுத்தால் அளவுக்கு மிஞ்சி அமுக்குகிறீர்கள். ஹெட்போன் போட்டு, சத்தத்தை மிதமாகக் கூட்டி, மெல்லத் தொடுங்கள். வாங்கும்போதும் இதைக் கவனியுங்கள். மெதுவாகத் தொட்டால் மெதுவாகவும் பலமாகத் தொட்டால் பலமாகவும் ஒலிக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். இருநூறு தாளம், முந்நூறு வாத்தியச் சத்தம் எல்லாம் அப்புறம். சின்னக் கட்டைகளோடு பிள்ளைகளுக்கென்று வரும் ஓர்கனும் வேண்டாம், அதில் பழகிய கைக்குப் பிறகு பியானோ அளவு பிடிபடாது.

பெருவிரலுக்கு வருவோம். ச-ரி-க வாசித்து 'ம'வுக்குப் போகப் பெருவிரல் மற்ற விரல்களுக்கு அடியால் நுழைய வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் கையை அசைக்காமல், மணிக்கட்டை மட்டும் பக்கவாட்டில் வெட்டி இழுத்து அதைச் செய்கிறார்கள். பெருவிரலை அசைக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரே உறைக்குள்ளால்தான் ஓடுகின்றன. இப்படித் திரும்பத் திரும்ப இழுத்தால் அந்த உறை தடித்து நோகும். 1895இல் இதை விவரித்த சுவிஸ் சத்திரசிகிச்சை நிபுணர் டி குவெர்வேனின் பெயரே நோய்க்கும் வந்துவிட்டது. கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மாருக்கும் இது வரும். முழங்கையோடு சேர்த்து முழுக் கையையும் வலப்பக்கம் நகர்த்தினால் பெருவிரல் தானாக இடத்துக்கு வரும்.

மோதிரவிரல் மட்டும் தனியாக எழும்பவில்லை என்று அதை மற்றக் கையால் இழுத்துப் பயிற்சி செய்யாதீர்கள். புறங்கையில் அதன் தசைநாண் பக்கத்து விரல்களோடு பிணைந்திருக்கிறது, எல்லோருக்கும் அப்படித்தான்.

யூடியூப் பார்த்துப் பழகுகிறீர்களா? போனை மடியில் வைக்காமல் கண்ணுக்கு நேரே நிறுத்துங்கள், கழுத்து தப்பும். நுவரெலியா ஜனவரிக் குளிரில் விறைத்த விரலோடு வேகமாக வாசிக்க வேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கையை வைத்துத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஞாயிறு மட்டும் இரண்டரை மணித்தியாலம் என்பதை விட, தினமும் காலையிலும் மாலையிலும் பதினைந்து நிமிடம் போதும். டீச்சரை முதல் மூன்று கிழமை முழுதாக நிறுத்தச் சொன்னேன், கோபித்துக்கொண்டார். பிறகு இந்தக் கணக்கில்தான் திரும்பத் தொடங்கினார்.

தசை களைத்தால் ராத்திரி தூங்கி எழும்பச் சரியாகிவிடும். விரல் மரத்துப்போவது, ராத்திரியில் கை விறுவிறுத்து முழிப்பு வருவது, போத்தல் மூடி திறக்க முடியாமல் போவது வேறு கதை. அதற்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், அரசாங்க ஆஸ்பத்திரியில் துண்டு எடுத்துக் காட்டுங்கள். அங்கே என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கும்போது ஓர்கனையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் நாளே தெரிந்திருந்தால் நான் அந்த டீச்சரை இரண்டு தடவை வீணாக பஸ் ஏற வைத்திருக்க மாட்டேன்.