மரத்துக்கு வெளியே ஓர் ஓட்டுநர்

சிங்கப்பூரில் ஓட்டுநர் என்றால் பேருந்தோ டாக்சியோ ஓட்டுபவர். வடகிழக்கு ரயில் பாதையில் 2003 முதல் அவரும் கிடையாது. கணினிப் பயிலரங்குகளில் கொடுக்கும் தமிழ்க் குறிப்புகளில் மட்டும் அவர் விடாமல் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்: 'மரத்துக்கு வெளியே உள்ள மூன்றாம் தரப்பு ஓட்டுநர் தொகுதி'. படித்துப் படித்துக் கண் புளித்துவிட்டது.

விஷயம் இதுதான். லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையப் பகுதி கெர்னல். அதன் மூலநிரல் கிளை கிளையாகப் பிரியும் கோப்புறைகளில் ஒரே தொகுப்பாக இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை மரம் என்கிறார்கள். வைஃபை, கிராஃபிக்ஸ் போன்றவற்றை இயக்கும் நிரல், அதாவது டிரைவர், அதில் சேராமல் வேறிடத்தில் பராமரிக்கப்பட்டால், அது மரத்துக்கு வெளியே (out-of-tree). கெர்னல் என்பது விதை என்று பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல். (கர்னல் என்று எழுதாதீர்கள், தேசிய சேவை முடித்த பையன்கள் சல்யூட் அடிப்பார்கள்.) மாடியூல் என்பது கெர்னலில் ஏற்றிக்கொள்ளும் நிரல் துண்டு, லத்தீனில் 'சிறிய அளவு'.

ஓட்டுநர் ஓர் ஆள். நிரலுக்கு 'இயக்கி' எப்போதோ வந்துவிட்டது. தொகுதி என்றால் நமக்குக் குழுத்தொகுதி, தனித்தொகுதி, தேர்தல். மாடியூலுக்குக் 'கூறு' போதும். சரி, இவற்றையாவது பொறுத்துக்கொள்ளலாம். 'மூன்றாம் தரப்பு'தான் பொருளையே கெடுக்கிறது.

யார் எழுதினார்கள் என்பதா இங்கே கேள்வி? இன்டெல் ஊழியர்கள் எழுதிய இயக்கிகள் தொகுப்புக்கு உள்ளேயே இருக்கின்றன. 'அப்படியானால் மூடிய நிரல் என்று வைத்துக்கொள்ளலாம்' என்பார்கள். அதுவும் தப்பு. கிராஃபிக்ஸ் சில்லு நிறுவனமான என்விடியா 2022இல் தன் கெர்னல் கூறுகளின் மூலநிரலைத் திறந்து வைத்தது, ஆனாலும் அவை வெளியேதான். வயர்கார்டு என்ற விபிஎன் (மறைகுறியாக்கிய தனி இணைப்பு) கூறு வெளியே வளர்ந்து, 2020இல் வந்த கெர்னலின் 5.6ஆம் பதிப்பில் உள்ளே சேர்ந்தது. எழுதியவர் அதே ஆள்தான், தரப்பு எங்கே மாறியது?

மாறுவது பராமரிப்பின் பொறுப்பு. கெர்னலின் உள் இடைமுகங்கள், அதாவது இயக்கிகள் கெர்னலோடு பேசும் வழிகள், நிலையாக இருக்கும் என்று லினக்ஸ் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. ஒன்றை மாற்றுகிறவர் தொகுப்புக்குள் இருக்கும் இயக்கிகளையும் கூடவே திருத்த வேண்டும். வெளியே இருப்பதை அதன் சொந்தக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய கெர்னல் வரும்போதெல்லாம் மூலநிரலை இயங்கும் வடிவத்துக்கு மறுபடி மாற்றவும் (compile) வேண்டும். இந்த வேலையைத் தானாகச் செய்ய டெல் நிறுவனம் உருவாக்கிய கருவிதான் டிகேஎம்எஸ். வெளியே பராமரிக்கப்படும் கூறு ஏறியவுடன், கறைபட்டது என்று கெர்னல் தன்மேலேயே குறி போட்டுக்கொள்ளும். இவ்வளவும் பராமரிப்பைப் பற்றியிருக்க, மொழிபெயர்ப்பவர் தரப்பை எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்த நிரல் என்ன செய்கிறது என்று பக்கத்து மேசைப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அகராதியைத் திறப்பது சுலபம்!

என் பரிந்துரை 'வெளிப்பராமரிப்பு இயக்கி'. 'வெளிமூல இயக்கி' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்தால் சித்த வைத்தியசாலை விளம்பரம்தான் ஞாபகம் வருகிறது. சுருக்கமாகப் 'புற இயக்கி' எனலாமே என்கிறார் ஒரு நண்பர். அச்சுப்பொறி முதலானவற்றைப் புறச்சாதனம் என்று சொல்லிப் பழகிவிட்டோம், அவற்றுக்கான இயக்கி என்றுதான் நினைப்பார்கள்.