நாக்கை உரசும் பல்லும் ஆறாத புண்ணும்

நாக்கின் ஓரத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புண் வருகிறது என்று சொல்லி வருபவர்களில் பலர், அதற்கு முன்பே வைட்டமின் மாத்திரைகளையும் வாய்ப்புண் களிம்பையும் மாதக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்திருப்பார்கள். புண்ணுக்கு நேர் எதிரே இருக்கும் பல்லைக் கவனித்தவர்கள் குறைவு. சொத்தையால் உடைந்த கடைவாய்ப் பல், நாக்குப் பக்கம் சாய்ந்து முளைத்த பல், சரியாகப் பொருந்தாத பல்செட்டின் கம்பி என ஏதேனும் ஒன்று அங்கே இருக்கக்கூடும். பேசும்போதும் மெல்லும்போதும் விழுங்கும்போதும் நாக்கு அதன்மேல் உரசிக்கொண்டே இருக்கும்.

இந்த உரசல் மட்டுமே புற்றுநோயை உண்டாக்குமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வாய்ப் புற்றுநோய்க்கு முதன்மைக் காரணங்கள் புகையிலையும் மதுவும் பாக்குமே (புகையிலை கலக்காத வெறும் பாக்கும் இதில் அடங்கும்). நெடுங்கால உரசல் அவற்றுக்குத் துணைபோகலாம் என்று கருதப்படுகிறது. ஆயினும் இப்பழக்கங்கள் எதுவுமே இல்லாதவர்களுக்கும் நாக்கின் ஓரத்தில் புற்றுநோய் வருகிறது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. புண்ணுக்கு அருகில் கூரான பல் இருந்துவிட்டால், பழி முழுவதும் பல்லின்மேல் விழுந்துவிடுகிறது; உண்மையில், நாக்கில் வளரத் தொடங்கிய கட்டியே பல்லில் இடிபட்டுப் புண்ணாகியிருக்கலாம். ஆகவே கூர்முனையைத் தேய்த்து மழுக்கியதோடு சிகிச்சை முடிவதில்லை, இரண்டு வாரம் கழித்து அந்த இடத்தை மீண்டும் பார்த்தாக வேண்டும். நாக்கில் இரத்த ஓட்டம் மிகுதி என்பதால், வெறும் காயப்புண் பெரும்பாலும் அதற்குள் ஆறிவிடும். ஆறாவிட்டால் திசுப் பரிசோதனை தேவை. சதையை வெட்டி எடுத்தால் நோய் பரவிவிடும் என்று அஞ்சிப் பலர் தயங்குகிறார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை, தள்ளிப்போடும் காலத்தில்தான் நோய் கழுத்தின் நிணநீர்க் கணுக்களை எட்டுகிறது.

வலி இல்லாததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடக்கநிலைப் புற்றுப்புண் பல நேரங்களில் வலிப்பதே இல்லை. புண்ணின் அடிப்பகுதி கெட்டியாக இருந்தாலோ, விளிம்பு தடித்து உயர்ந்திருந்தாலோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தெரிந்தாலோ, நாக்கை அசைப்பது கடினமானாலோ, கழுத்தில் கட்டி தென்பட்டாலோ இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பல்லைத் தேய்த்தவுடன் உறுத்தல் குறைந்துவிடுவதால் மறுபரிசோதனைக்கு வராமலேயே இருந்துவிடுபவர்கள் உண்டு. முதல் நாளே அதற்கான தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புண் ஆறிவிட்டதுபோல் தோன்றினாலும் அன்று வந்து காட்டுங்கள்.